ஆரின்ர காணியில ஆடுறது?

ஆடி ஆவணி பிறந்தால் யாழ்ப்பாணத்தில ரெண்டு விசயம் கூடும், நல்லூருக்கு வாற சனமும் டிஜே நைற் போஸ்டரும். கனடா, லண்டன், பாரிஸில இருந்து லீவுக்கு வந்து நிக்கிற பெடியளை நம்பித்தான் அந்த ரெண்டாவது வியாபாரம் ஓடுது, அதில புதினம் ஒண்டும் இல்ல. ஆனா இந்த முறை ஒரு போஸ்டரைக் கண்டிட்டு மோட்டார் சைக்கிளை நிப்பாட்டி வடிவா வாசிச்சன். கறுப்புப் பின்னணி, உடைஞ்ச சுவர், அதில ஸ்ப்ரே பெயின்ற் அடிச்ச மாதிரி "வேர்ஹவுஸ் டெக்னோ" எண்டு எழுத்து. இடம் எங்க எண்டு பாத்தால் ஏசி போட்ட ஹோட்டல் மண்டபம். மூண்டு வகை ரிக்கெற். ஆகக் கூடின ரிக்கெற் எடுத்தால் சோபாவும் மேசையும் தருவினமாம். டெக்னோவுக்கு சோபா! இருந்துகொண்டு என்னத்தை ஆடுறது.

நான் ஒண்டும் துறவி இல்ல. சனி ஞாயிறில கலியாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள் எண்டு போய் டிஜே போட்டுக் காசு வாங்கிற ஆள்தான், போன வருசம் வாங்கின ரெண்டு சப்வூபருக்கு இன்னும் லீசிங் கட்டுறன். அதால "காசு வந்துது கலை செத்துது" எண்டு ஒப்பாரி வைக்கிற கோஷ்டியில என்னைச் சேர்க்காதேங்கோ. டெக்னோ, ஹவுஸ் எண்டு மெசினில தாளம் போட்டு ஆடுற இந்த இசையின்ர கதையை வாசிக்க வாசிக்க எனக்குப் படுறது வேற. காசு முதல் நாளில இருந்தே உள்ளுக்க இருந்தது. பெடியள் தாங்களாக் கூடி ஆடின இடம் எப்பிடி அவையின்ர கையை விட்டுப் போச்சு, ஆர் அதைத் தூக்கி ஆரிட்டக் குடுத்தது, அதைப் பாத்தால்தான் மிச்சம் விளங்கும்.

அந்தப் போஸ்டர்ல போட்ட வேர்ஹவுஸையே எடுப்பம். சிக்காகோவில 1977ல திறந்த நடனக் கிளப் அது, பிராங்கி நக்கிள்ஸ் எண்டவர்தான் அங்க ரெக்கோட் போட்டவர். வந்தவை கூடுதலா கறுப்பின, லத்தீன் பெடியள், அதிலயும் ஒருபால் ஈர்ப்புள்ள ஆக்கள், வேற கிளப் வாசலில மரியாதை கிடைக்காத சனம். சாராயம் இல்ல, ஜூஸ்தான். ஹவுஸ் மியூசிக்குக்கு ஹவுஸ் எண்டு பேர் வந்ததே அந்த இடத்தால. இடம் பிரபலமாகப் பிரபலமாக வாசல் காசை ரெட்டிப்பாக்கினவை, 1982 கடைசியில நக்கிள்ஸ் வெளிக்கிட்டுப் போய் பவர் பிளான்ட் எண்டு தன்ர இடத்தைத் திறந்திட்டார். யோசிச்சுப் பாருங்கோ, ஹவுஸ் எண்டு ஒரு இசை வெளி உலகத்துக்குத் தெரிய முதலே "வியாபாரமாக்கிப் போட்டாங்கள்" எண்ட சண்டை முடிஞ்சு போச்சு. அந்தக் காலம்தான் ரோலண்ட் கொம்பனி டிபி 303 எண்டு ஒரு சின்னப் பெட்டியும் விட்டது, தனிய கிற்றார் பழகிற ஆக்களுக்கு பேஸ் வாசிச்சுக் குடுக்கிறதுக்கு. பெரிசா ஒருத்தரும் வாங்கேல்ல, 1984ல உற்பத்தியை நிப்பாட்டிப் போட்டாங்கள், செகண்ட்ஹாண்டில மலிவாக் கிடந்ததை சிக்காகோப் பெடியள் வாங்கி தாறுமாறா முறுக்கித் திருகி எடுத்த சத்தம்தான் அசிட் ஹவுஸ். இண்டைக்கு அந்தப் பெட்டி ஆயிரக்கணக்கான டொலர், அது வேற கதை.

இனி அந்த உடைஞ்ச சுவர். அந்தப் படம் எங்கயிருந்து வந்தது எண்டு போஸ்டர் அடிச்சவருக்குத் தெரியுமோ தெரியாது, அது பெர்லின். 1989 கார்த்திகையில நகரத்தைப் பிரிச்ச மதில் விழுந்தாப்பிறகு கிழக்குப் பக்கம் கட்டிடங்கள் ஆருக்குச் சொந்தம் எண்டு தெளிவில்லாமல் சும்மா கிடந்துது. உரிமையாளர் ஓடிப் போனவர், இல்லாட்டி அரசாங்கம் பறிச்சது, இல்லாட்டிப் பழைய காணி உறுதி தேடுபடுது. அந்த இடைவெளிக்குள்ளதான் பெடியள் கரண்ட் வயரை இழுத்துக்கொண்டு போய் ஸ்பீக்கர் பொக்ஸ் அடுக்கினவை. ட்ரெசோர் கிளப் 1991ல திறந்தது வேர்த்தைம் எண்ட பழைய பெரிய கடையொண்டின்ர நிலக்கீழ் பெட்டக அறையில. 2005ல அந்தக் காணி விலைப்பட்டு கிளப்பைப் பூட்ட வேண்டி வந்திட்டுது, மேல ஒபிஸ் கட்டிடம் எழும்பிச்சு. பிறகு வேற இடத்தில, பழைய மின்நிலையம் ஒண்டில திறந்தவை. 2024ல ஜேர்மனி பெர்லின் டெக்னோவைத் தன்ர கலாசார மரபுரிமைப் பட்டியலில சேர்த்தது. மரபுரிமை எண்டு சொல்லுற நேரம் வாடகை எங்கயோ போயிட்டுது.

உரிமையாளர் வெளிநாட்டில, உறுதி ஆரிட்டயோ, கூரை இல்ல, சுவரில ஆலமரம். இதை வாசிக்கிற யாழ்ப்பாணத்தானுக்கு இது பெர்லின் இல்ல, சண்டையில சனம் வீடு விட்டுப் போன பலாலிப் பக்கம் போற வழி. எங்களிட்டயும் உடைஞ்ச சுவர் கொட்டிக் கிடக்கு. ஒருக்கா எங்கட செற்றில ஒருத்தன், கொழும்பில படிச்சிட்டு வந்தவன், "மச்சான் இப்பிடியான வீடொண்டில செய்தால் சும்மா அந்த மாதிரி இருக்கும்" எண்டான். ஒருத்தரும் பேசேல்ல. ஏனெண்டால் அந்த வீட்டில குசினி எது சாமியறை எது எண்டு தெரியும், சுவரில பிள்ளை கிறுக்கின கரிக்கோடு இன்னும் இருக்கும், அந்தக் குடும்பத்தில ஆரோ ஒருத்தர் உங்கட அம்மம்மாவோட படிச்சிருப்பினம். பெர்லின்காரனுக்கு அந்த வெறுமை ஒரு விடுதலையா இருந்திருக்கலாம், எங்களுக்கு அது ஆற்றயோ வீடு. அதால உடைஞ்ச சுவரைப் போஸ்டரில அடிச்சு ரிக்கெற் விக்கிறதைப் பாக்க எனக்குக் கொஞ்சம் கூடவே எரியுது, அதை மறைக்கேல்ல.

இங்கிலாந்துக் கதை இன்னும் வடிவான பாடம், ஏனெண்டால் அங்க சட்டம்தான் தரகர் வேலை பாத்தது. 1988, 89ல லண்டனைச் சுத்தி ஓடுற எம்25 வீதியை ஒட்டி வயல், விமான ஹாங்கர், பழைய ஸ்டோர் எண்டு இரவிரவா பார்ட்டி. இடம் எங்க எண்டு கடைசி நேரம் வரைக்கும் சொல்ல மாட்டினம், போன் நம்பர் ஒண்டைக் குடுத்து, அதுக்கு அடிச்சால்தான் வழி சொல்லும். அதுவும் ரிக்கெற் வித்துச் செய்ததுதான், நடத்தின சில பேர் நல்ல யாவாரிகள். பொலிஸ் கலைச்சது. 1990ல புதுச் சட்டம் கொண்டுவந்து, லைசன்ஸ் இல்லாமல் பார்ட்டி வைச்சால் தண்டப் பணத்தை 2,000 பவுணில இருந்து 20,000 பவுணுக்குக் கூட்டி, ஆறு மாசம் மறியலும் எண்டாங்கள். அடங்கேல்ல. 1992 வைகாசியில காசில்மோர்ட்டன் எண்ட பொது மேய்ச்சல் நிலத்தில இருபதினாயிரத்துக்கு மேல சனம் சேந்து ஒரு கிழமையா ஆடினது, அதுக்கு ரிக்கெற்றே இல்ல. அரசாங்கம் பயந்து போய் 1994ல கொண்டுவந்த குற்றவியல் நீதிச் சட்டத்தில, திரும்பத் திரும்ப அடிக்கிற தாளம் உள்ள சத்தம் எண்டு இசைக்கே வரைவிலக்கணம் எழுதி, திறந்த வெளியில இரவில 100 பேர் கூடினால் கலைக்கலாம் எண்டு வைச்சது. உலகத்தில தாளத்தைச் சட்டத்தில எழுதினவங்கள் இவங்கள்தான் போல, எங்கட தவில்காரரைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பினம்.

அந்தச் சட்டத்துக்குள்ள ஒரு சின்ன வரி இருக்கு, உரிமம் எடுத்த நிகழ்ச்சிக்கு இது பொருந்தாது எண்டு. உரிமம் எடுக்க ஆரால ஏலும்? சுவரும் கூரையும் வக்கீலும் உள்ளவனால. வெளிக்குள்ள ஆடின சனம் முழுக்க சுவருக்குள்ள போச்சு. மினிஸ்ட்ரி ஒஃப் சவுண்ட் எண்ட கிளப் 1991ல லண்டனில பழைய பஸ் கராஜ் ஒண்டுக்குள்ள திறந்தது, நடத்தினவர் வங்கித் தொழிலில இருந்து வந்தவர், தகப்பன் பேர்போன காணி கட்டிட வியாபாரி. இதில எனக்கு ஆச்சரியமே இல்ல, காணிக் கணக்குத் தெரிஞ்சவனுக்குத்தான் இந்தக் கணக்கும் முதல் பிடிபடும். பிறகு சீடி, ரீசேட், பத்திரிகை, ஊர் ஊரா டூர், கடைசியில 2016ல ரெக்கோட் லேபிளை சோனிக்கு வித்தாச்சு. மன்செஸ்டரில ஹசியெண்டா எண்ட கிளப் 1997ல பூட்டினது, கட்டிடத்தை இடிச்சு அதே பேரில அடுக்குமாடி கட்டி வித்திருக்கிறாங்கள். வீட்டுப் பத்திரத்தில கிளப்பின்ர பேர். இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல.

காசில்மோர்ட்டனில அந்தச் சனம் ஒரு கிழமையா ஆடின அதே 1992ல யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்ல. 1990ல சண்டையோட போன கரண்ட். பற்றறியும் தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில இருந்து வயர் எடுத்து ரேடியோவுக்கும் கசெற் பிளேயருக்கும் குடுத்துப் பாட்டுக் கேட்ட சனம் நாங்கள் (நாங்கள் எண்டால் என்ர அண்ணை, மாமாமார், நான் பிறகு வந்தவன்). மாமா சொல்லுவார், சுத்துறவன் களைச்சால் பாட்டும் இழுபடும், உடன ஆரும் ஒருத்தர் கை மாறவேணும் எண்டு. அவர் அதைப் பகிடியாத்தான் சொல்லுவார், நான் அதில வேற ஒண்டு கேக்கிறன். ஒரு பாட்டு முடியிறதுக்கு ரெண்டு மூண்டு பேரின்ர கை வேணும், அதில ரிக்கெற்றும் இல்ல சோபாவும் இல்ல.

எங்களுக்குக் கூடி ஆடிற பழக்கம் இல்லை எண்டு ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ. கோயில் வெளிவீதியில இரவிரவா பாட்டுக் கோஷ்டி, சனசமூக நிலைய ஆண்டுவிழா, பிறகு 1904ல தொடங்கின மத்திய கல்லூரி, சென் ஜோன்ஸ் கிரிக்கெற் பெரும் போட்டிக்கு பப்பரே பாண்ட் அடிச்சுக்கொண்டு ட்ரக்கில ஊர்வலம். பப்பரேயும் பைலாவும் தெற்கில இருந்து வந்ததுதான், வந்து எங்கட வெய்யிலில எங்கட மாதிரி மாறிட்டுது. இதில ஆரும் மேடையைப் பாத்துக்கொண்டு நிக்கிறேல்ல, ஆளை ஆள் பாத்துத்தான் ஆடுறது. இதெல்லாம் நடந்தது ஆற்றயும் தனிக் காணியில இல்ல, கோயில் வீதி, வாசிகசாலை வளவு, றோட்டு.

இப்ப இங்கத்தைச் சட்டத்துக்கு வருவம். ஒலிபெருக்கி போட பொலிஸ் அனுமதி வேணும். 2007ல உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில, இரவு பத்து மணிக்கும் காலமை ஆறு மணிக்கும் இடையில ஒலிபெருக்கிக்கு அனுமதி குடுக்கக் கூடாது எண்டு சொன்னது. பக்கத்து வீட்டில படிக்கிற பிள்ளை, வருத்தக்கார ஆக்கள் எண்டு பாத்தால் நியாயம்தான், நான் அதை எதிர்க்கேல்ல. ரிக்கெற் வித்தால் உள்ளூராட்சி சபையில கொண்டுபோய் முத்திரை குத்தி களியாட்ட வரி கட்டவேணும், அதுவும் சரி. ஆனா இதெல்லாம் சேந்து என்ன செய்யுது எண்டால், வெறுங் காணியில ரெண்டு பொக்ஸோட நிக்கிற பெடியளுக்கு ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு ஒபிஸ் வாசல், சத்தம் வெளிய போகாத மண்டபம் வைச்சிருக்கிறவருக்கு அது ஒரு போன் கோல். உந்த மண்டபக்காரர் கெட்ட ஆக்கள் எண்டு நான் சொல்ல வரேல்ல, அவையள் போடுற சவுண்டும் நல்ல சவுண்ட்தான். ஆனா தெருவில ஆடின கூட்டத்தை அவையள் ஒண்டும் கூப்பிட்டு எடுக்கேல்ல, வேற வாசல் எல்லாம் பூட்டினதால அது அங்க போய் நிக்குது.

ஸ்பொன்சர் விசயமும் அப்பிடித்தான். வெளிநாட்டில பியர்க் கொம்பனி செய்யிற வேலையை இங்க செய்யேலாது, 2006ல வந்த புகையிலை மதுசார அதிகாரசபைச் சட்டம் விளம்பரத்தையும் அனுசரணையையும் தடை செய்திட்டுது. அதால போன் கொம்பனியும் பிஸ்கற் கொம்பனியும் எனர்ஜி ட்ரிங்கும்தான் பனர் கட்டுது. கட்டட்டும். ஆனா பனர் கட்டினவனுக்குப் படம் வேணும், படத்துக்கு மேடை வேணும், மேடைக்கு லைற் வேணும், பிறகு எல்லாரும் மேடைப் பக்கம் திரும்பிக் கையில போனைத் தூக்கிக்கொண்டு நிப்பினம். அதுக்குப் பிறகு அது பார்வையாளர் கூட்டம், ஆடுற கூட்டம் இல்ல.

நாங்கள் செய்யிறதைப் பற்றியும் சொல்லத்தான் வேணும். கோப்பாய்ப் பக்கம் ஒரு தெரிஞ்ச அண்ணையின்ர தோட்டக் காணி, ஒரு கரையில மா, மற்றக் கரை தரிசு. மாசத்தில ஒருக்கா, மழை இல்லாட்டி, பின்னேரம் ரெண்டு மணிக்குத் தொடங்கி பொழுதுபட முடிக்கிறது. ஏன் பகலில எண்டு எல்லாரும் கேப்பினம். பெட்டையள் வரவேணும் எண்டுதான். இரவு பத்து மணிக்கு எந்த வீட்டில விடுவினம்? ட்யூசன் முடிஞ்சு, வேலை அரை நாள் முடிஞ்சு வந்து ஆடிட்டு விளக்கு வைக்க முதல் வீட்ட நிக்கலாம். இதை நாங்கள்தான் கண்டுபிடிச்சம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தால், 80களில இங்கிலாந்தில பஞ்சாபிப் பிள்ளையளும் மற்ற ஆசியப் பிள்ளையளும் அச்சொட்டா இதைத்தான் செய்திருக்கினம். இரவு வெளிய விடாத வீடு, அதால பகலில பங்க்ரா பார்ட்டி, பள்ளிக்கூடத்தைக் கட் அடிச்சிட்டு வந்து பாத்றூமில உடுப்பு மாத்தி ஆடிட்டுத் திரும்ப யூனிபோமோட வீட்ட. டேடைமர் எண்டு பேர் அதுக்கு. 2020ல லண்டனில சில பேர் சேந்து அதே பேரில ஒரு கூட்டமும் தொடங்கிச்சினம். பிராட்பேர்டில ஒரு பஞ்சாபி அம்மாவும் உரும்பிராயில ஒரு தமிழ் அம்மாவும் ஒரே நேரத்துக்குத்தான் கேற்றைப் பூட்டினம் போல.

காசுக் கணக்கு: டீசல், பொக்ஸ் ஏத்தி இறக்கிற லாண்ட்மாஸ்டர், சர்பத், இதைப் பங்கு போடுவம், வேலை இல்லாத பெடியளிட்ட வாங்கிறேல்ல. போன் எடுக்கலாம், ஆனா பெட்டையளின்ர முகம் வாற வீடியோ ஒண்டும் போடக்கூடாது, அது தான் ஒரே ஒரு கட்டளை. ஒரு வீடியோ வெளிய போனால் ஒரு பிள்ளையின்ர ட்யூசனே நிண்டு போகும் இந்த ஊரில.

போன வருசம் ஒரு நிகழ்ச்சிக் கொம்பனிக்காரர் வந்து ரெண்டு தரம் பாத்திட்டுப் போனவை, நல்ல மரியாதையாத்தான் கதைச்சவை. பிறகு பாத்தால் "பகல் பார்ட்டி" எண்டு மண்டபத்தில, மாமரம் செயற்கை, சர்பத்துக்கு ஒரு விலை, வாசலில ட்ரோன் கமரா. பகல் எண்டதையும் சர்பத்தையும் எடுத்தவை, அந்த வீடியோக் கட்டளையை மட்டும் விட்டிட்டினம், ஏனெண்டால் வீடியோதானே அவையின்ர சரக்கு. பெட்டையள் ஒரு தரம் போச்சினம், ரெண்டாந்தரம் போகேல்ல. அடுத்த போஸ்டரில ஜோடியா வந்தால் கழிவு எண்டு போட்டிருந்தது.

பெரிய அளவில நடக்கிறதும் இதே தான், தொகையில ரெண்டு மூண்டு சைபர் கூடும், அவ்வளவுதான். அமெரிக்காவில எஸ்எஃப்எக்ஸ் எண்டு ஒரு கொம்பனி ஊர் ஊரா நடன இசைத் திருவிழாக்களையும் டிஜேமார் பாட்டு வாங்கிற பீட்போர்ட் தளத்தையும் வாங்கிக் குவிச்சு 2013ல பங்குச் சந்தைக்குப் போச்சு, ஒரு பங்கு 13 டொலர், 2016 மாசியில வங்குரோத்து. அது காசாசை, விழுந்தது. அதைவிட பொயிலர் றூம் கதைதான் எனக்கு நோகும். டிஜே வாசிக்கிறதை இன்ரநெற்றில நேரடியாக் காட்டுறதுக்கு 2010ல லண்டனில ஒரு அறைக்குள்ள வெப்கமை சுவரில ஒட்டித் தொடங்கினது, டிஜேக்குப் பின்னால நிண்டு ஆடுற பெடியளைப் பாத்துப் பாத்துத்தான் நான் இதுக்குள்ள வந்தனான், டயலொக் இன்ரநெற் டொங்கிளில பஃபர் ஆகி ஆகி. 2021ல அப்பில ரிக்கெற் விக்கிற ஒரு கொம்பனி அதை வாங்கிச்சு, 2025 தையில சுப்பர்ஸ்ட்ரக்ட் எண்ட இசைத் திருவிழாக் கொம்பனி வாங்கிச்சு, அது கேகேஆர் எண்ட அமெரிக்க முதலீட்டுக் கொம்பனியின்ர கையில இருக்கு. அதைக் கண்டிட்டு கனபேர் டிஜேமார் இனி அங்க வாசிக்க மாட்டம் எண்டு விலகினவை. அந்த அறைக்குள்ள நிண்டவனுக்குத் தன்ர முதுகும் ஒரு நாள் ஆற்றயோ கணக்கில சொத்தா ஏறும் எண்டு தெரிஞ்சிருக்குமோ?

எங்கட கதைக்கு வந்தால், கோப்பாய்க் காணியின்ர உண்மையான சொந்தக்காரர் அந்த அண்ணை இல்ல, அவற்ற தமையன், கனடா ஸ்காபரோவில. பரப்பு விலை ஏறின ஏத்தத்துக்கு அவர் விக்கப் போறார், அதில பிழை பிடிக்கேலாது, அவருக்கும் அங்க மோர்கேஜ். வாங்க வந்தவர் என்ன கட்டப் போறாராம் எண்டு கேட்டன். கலியாண மண்டபம். திறந்தாப்பிறகு என்னை டிஜேக்குக் கூப்பிடுவினம், நானும் போவன்.

அதால இப்ப ஊர்ச் சனசமூக நிலையக்காரரோட கதைச்சுக்கொண்டிருக்கிறம், அவையின்ர விளையாட்டு மைதானத்துக்கு. பொதுக் காணி, ஆரும் விக்கேலாது, கமிற்றி மாறினாலும் காணி மாறாது. தலைவர் ஐயா பழைய ஆள், தபாலகத்தில இருந்து ரிற்றயர் ஆனவர், முதல் "உதென்ன தம்பி டம் டம் எண்டு" எண்டுதான் தொடங்கினவர். பிறகு உக்காந்து கதைச்சதில, குடி இல்ல, ஆறரைக்கு முடிப்பு, குப்பை நாங்களே அள்ளுறது எண்டதுக்கு ஓம் எண்டிட்டார். பதிலுக்கு அவையின்ர ஆண்டுவிழாவுக்கு எங்கட பொக்ஸ் சும்மா குடுக்கவேணும், அதுக்கு நாங்கள் ஓம். வேற ஒண்டும் கேட்டார், கடைசி அரை மணித்தியாலம் பழைய பைலா போட்டால் தங்கட ஆக்களும் வருவினம் எண்டு, அதுக்கு எங்கட கொழும்புக்காரன்தான் முகத்தைச் சுளிச்சான், மற்ற எல்லாருக்கும் சந்தோசம். ரெண்டு சப்வூபரில ஒண்டைத்தான் போடலாம் எண்டு ஐயா பிடிவாதமா நிக்கிறார், அந்தப் பேச்சு ஞாயிற்றுக்கிழமை தொடருது.